எற்னா மலைப்புலம்: இயற்கையும் உழைப்பும் இலக்கியமும்

மலைகளை அவற்றின் காட்சிக்காகவே சென்று காணும் வழக்கம் மனித வரலாற்றிலே மிகப் பிற்பட்டது. வழிபாட்டின் பொருட்டும் வணிகத்தின் பொருட்டும் போரின் பொருட்டும் மக்கள் மலைகளில் ஏறினர். மந்தைகளை ஓட்டிச் சென்றனர். விறகும் கரியும் கொண்டு இறங்கினர். ஞாயிறு எழும் கோலத்தைக் காண்பதற்காக உரோமப் பேரரசன் ஹேட்ரியன் சிசிலித் தீவின் எற்னா எரிமலையில் ஏறினான் என்று பழைய வரலாற்று நூலொன்று கூறுகின்றது. ஆயின் அது ஒரு பேரரசனுக்கு வாய்த்த ஓய்வு. அத்தகைய ஓய்வு ஐரோப்பாவில் ஒரு வர்க்கத்தினருக்குப் பரவலாகக் கிட்டியது 18ஆம் நூற்றாண்டிலேயாகும். பிரித்தானியாவிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் தெற்கு நோக்கிப் புறப்பட்ட கனவான்களின் பயணங்களே எற்னாவை உலகறிந்த காட்சிப் பொருளாக்கின. கேதே 1787ஆம் ஆண்டு மே மாதத்திற் கத்தானியா நகரையடைந்து, உள்ளூர் அறிஞர் ஒருவரின் ஆலோசனைப்படி உச்சிக்குச் செல்லாது, மலைச்சரிவிலுள்ள செந்நிறக் குன்றொன்றில் மட்டும் ஏறித் திரும்பினார்.

இப்பயண மரபு நமக்கு விட்டுச் சென்ற பார்வை ஒன்றுண்டு. தீயும் பனியும் காடும் கடலும் சேர்ந்த 'தூய இயற்கை' ஒரு புறம்; அதனை வியந்து நிற்கும் தனிமனிதன் மறுபுறம். இவ்விரண்டுக்குமிடையே அந்த நிலத்தை உழுதவனும் கல்லுடைத்தவனும் பனிக்கட்டி சுமந்தவனும் மறைந்துவிடுகின்றனர். 'ஜேர்மானியக் கருத்தியல்' எனும் நூலிலே மார்க்சும் ஏங்கல்சும் ஃபொயர்பாக்கை விமர்சிக்கையில் இதே குறைபாட்டைச் சுட்டினர். கண்முன் நிற்கும் செரி மரம் என்றுமுள்ள இயற்கையன்று; வணிகத்தின் வழியாகச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே அம்மண்ணுக்கு வந்த வரலாற்று விளைபொருள் என்பது அவர்கள் வாதம். எற்னாவைக் காணச் செல்வோருக்கு இதனினும் பொருத்தமான வழிகாட்டி வேறில்லை எனலாம். தமிழிலக்கண மரபிலே கருப்பொருள்களை வகுத்தோர் தெய்வத்தையும் உணவையும் மரத்தையும் பறவையையும் கூறியதோடு அந்நில மக்களின் தொழிலையும் ஒருங்கே வைத்தெண்ணினர். அவ்வாறு தொழிலையும் சேர்த்து நோக்கும்போது எற்னா எவ்வாறு தோற்றமளிக்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மலையும் மண்ணும்

எற்னா சிசிலியின் கிழக்குக் கரையில், கத்தானியா நகருக்கு வடக்கே எழுந்து நிற்கின்றது. அதன் அடிவாரம் ஏறத்தாழ 1,190 சதுர கிலோமீற்றர் பரப்பை அடக்கியது. உயரமோ நிலையானதன்று. வெடிப்பின்போது உச்சி வளர்வதும் இடிந்து தாழ்வதும் வழக்கமாதலின், அண்மைக்கால அளவீடுகள் 3,300 மீற்றருக்கும் 3,400 மீற்றருக்குமிடையே ஏறியிறங்கி வந்துள்ளன. உச்சியில் நான்கு வாய்கள் உள. அவற்றுள் வடகிழக்கு வாய் 1911இலும், தென்கிழக்கு வாய் 1971இலும் தோன்றியவை. இவை தவிர, மலைச்சரிவெங்கும் பழைய பக்க வெடிப்புக்கள் விட்டுச்சென்ற கூம்புக் குன்றுகள் பல நூறு காணப்படுகின்றன. கிழக்குப் புறத்திலே 'எருத்துப் பள்ளத்தாக்கு' எனும் பொருள்பட வழங்கும் பெரும்பள்ளம், மலையின் உட்பகுதியைக் கிழித்துக் காட்டுவது போன்று அடுக்கடுக்கான பழைய பாறைகளை வெளிப்படுத்தி நிற்கின்றது. எற்னாவின் எரிமலை இயக்கம் ஏறத்தாழ 5,00,000 ஆண்டுப் பழைமையுடையது. அதன் வெடிப்புக்கள் பற்றிய எழுத்துச் சான்றுகள் 2,700 ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்குகின்றன. இவ்வளவு நீண்ட எழுத்துப் பதிவுடைய எரிமலைகள் உலகில் மிகச் சிலவே. 1987இல் மலைப்பகுதி பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. 2013இல் யுனெஸ்கோ அதன் உச்சிப் பகுதியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

மலையை மூன்று வலயங்களாகப் பிரித்து நோக்குதல் பழைய மரபு: பயிர் வலயம், காட்டு வலயம், பாழ் வலயம். கடற்கரையை ஒட்டி எலுமிச்சைத் தோட்டங்கள். அதற்கு மேல் ஏறத்தாழ 1,000 மீற்றர் வரை முந்திரிகைக் கொடிகள். பின்னர் கஸ்தானைக் கொட்டை மரங்கள், ஓக், பைன், எற்னாவுக்கே உரிய பேர்ச் மரங்கள். ஏறத்தாழ 2,000 மீற்றருக்கு மேல் முள்நிறைந்த மெத்தை போன்று தரையோடு தரையாகப் படரும் சிறு புதர்கள். அதற்கும் மேல் கருஞ்சாம்பல் மட்டுமே. எரிபாறைக் குழம்பு குளிர்ந்து இறுகிய நிலத்தில் முதலிற் குடியேறுவது சாம்பல்நிறப் பாசிப்பூஞ்சணம். பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே பிளவுகளில் மண் சேர்ந்து பூண்டுகள் வேரூன்றுகின்றன. மஞ்சட்பூப் பூக்கும் எற்னாப் புதர்மரம் பாறையைத் துளைத்து வேர்விடும் ஆற்றலுடையது.

ஆயின் இயற்கையின் இந்த மெதுவான வேலைக்காகக் குடியானவன் காத்திருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அவன் பாறையை உடைத்தான். உடைத்த கல்லைச் சுண்ணமின்றி அடுக்கி வரம்புச் சுவராக்கினான்; சரிவைப் படிப்படியாக வெட்டினான்; பிளவுகளிலே சப்பாத்திக் கள்ளியை நட்டு அதன் வேரால் பாறையைப் பிளப்பித்தான். இன்று 'எற்னாவின் இயற்கைக் காட்சி' என அஞ்சலட்டைகளில் அச்சாகும் கருங்கற் படிகள் யாவும் தலைமுறை தலைமுறையாகக் குவிந்த மனித உழைப்பேயன்றி வேறல்ல. அக்காட்சியிலுள்ள சப்பாத்திக் கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1492க்குப் பின்னரே வந்தது. எலுமிச்சையும் அதற்கான நீர்ப்பாசன நுட்பமும் 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை சிசிலியை ஆண்ட அராபியர் கொணர்ந்தவை. புரொந்தே ஊரின் புகழ்பெற்ற பிஸ்தாவுக்கு உள்ளூர் மக்கள் வழங்கும் பெயரும் அரபு மூலத்ததே. மலையின் மற்றொரு பெயரான 'மொஞ்சிபெல்லோ' என்பதில் முற்பாதி இலத்தீன் வழிவந்த 'மலை' என்னும் சொல். பிற்பாதி அதே பொருளுடைய அரபுச் சொல். இரு மக்கட் கூட்டத்தினரின் வாய்மொழி ஒரே பெயரில் உறைந்து கிடக்கின்றது.

காட்டு வலயத்திலும் இதே நிலைமையைக் காணலாம். சாந்த் அல்ஃபியோ எனும் ஊரருகே 'நூறு குதிரைகளின் கஸ்தானை மரம்' என வழங்கும் பெருமரம் உண்டு. 1780இல் அதன் சுற்றளவு ஏறத்தாழ 58 மீற்றர் என அளக்கப்பட்டது. புயலில் அகப்பட்ட அரசியொருத்தியும் அவளது நூறு வீரரும் அதன் கீழ் ஒதுங்கினர் என்பது கதை. கஸ்தானைக் கொட்டையை மாவாக்கி உயிர்தாங்கிய மலைவாழ் ஏழைகள் அம்மரத்தின் பெயரில் இடம்பெறவில்லை. மலையுச்சிப் பனியும் ஒரு பண்டமாகவே இருந்தது. குளிர்காலப் பனியைக் குழிகளிலும் குகைகளிலும் அமுக்கி, சாம்பலும் தழையும் இட்டு மூடி, கோடையில் வெட்டியெடுத்து நகரங்களுக்கும் கடல்கடந்து மோல்ற்றாவுக்கும் அனுப்பினர். 1770இல் இங்கு வந்த பிறைடன் எனும் ஸ்கொத்லாந்துப் பயணி, இப்பனியின் வருமானம் கத்தானியா ஆயருக்குரியது என்று குறித்துள்ளார். பனிகூட உடைமையாகிய சமூகம் அது.

2. தொன்மமும் அதிகாரமும்

எற்னாவைப் பற்றிய கிரேக்கத் தொன்மங்கள் பலரும் அறிந்தவை. மலையின் கீழ் ஒற்றைக்கண் அரக்கரும் தீக்கடவுளும் உலைக்களம் நடத்துகின்றனர். கடவுளரை எதிர்த்த தைபோன் எனும் பூதம் மலையின் அடியில் நசுங்கிக் கிடந்து நெருப்பை உமிழ்கின்றது. இவற்றை வெறும் அச்சத்தின் விளைவென்றோ கற்பனைச் செழிப்பென்றோ கூறிவிட்டு அமைவது போதாது. குறித்த காலத்திற் குறித்த தேவைக்காக அவை எவ்வாறு கையாளப்பட்டன என்பதே இலக்கிய மாணவனின் வினாவாதல் வேண்டும்.

கி.மு. 476 அளவிலே சிரக்கூசின் சர்வாதிகாரியான ஹியரோன் எற்னாவின் அடிவாரத்திலிருந்த கத்தானியா மக்களை அவர்தம் ஊரிலிருந்து பெயர்த்து வேறிடத்துக்கு அனுப்பினான். வெற்றிடமாகிய நகரில் சிரக்கூசிலிருந்தும் பெலப்பொனேசியாவிலிருந்தும் தருவிக்கப்பட்ட 10,000 பேரைக் குடியேற்றி, நகருக்கு 'எற்னா' என்று புதுப்பெயரிட்டான். தனக்கு ஆதரவான குடியேற்றம் ஒன்றை நிறுவுதலும், நகர நிறுவனன் எனும் புகழைப் பெறுதலும் அவன் நோக்கங்கள் என்று பழைய வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதுகின்றார். இந்நிகழ்ச்சியை ஒட்டியே ஈஸ்கிலஸ் 'எற்னா மகளிர்' எனும் நாடகத்தை இயற்றினார். இன்று அது பெரும்பாலும் அழிந்துவிட்டது. புதிய குடியேறிகளுக்கு நல்வாழ்வு முன்னுணர்த்தும் வகையில் அது அமைந்ததென்ற செய்தி மட்டும் எஞ்சியுள்ளது. பிண்டார் கி.மு. 470இல் ஹியரோனின் தேர்ப்போட்டி வெற்றியைப் பாடிய பாடலும் எற்னாவையே நடுநாயகமாகக் கொண்டது. கடவுளரின் ஒழுங்கை எதிர்த்த பூதம் மலையடியிற் சிறையிருக்க, மலைமீது அரசனின் புதுநகர் இசையோடு விளங்குகின்றது.

இவ்விரண்டையும் பொருத்திப் பார்க்கும்போது தொன்மத்தின் சமூகப் பணி தெளிவாகின்றது. மலையின் கீழ் நசுக்கப்பட்டவன் ஒழுங்கின் பகைவன் என்று பாடப்படுகையில், ஊரைவிட்டு அகற்றப்பட்டவர்களின் குரல் கேட்க இயலாததாகிவிடுகின்றது. பிண்டாரின் எரிமலை வருணனை ஐரோப்பிய இலக்கியத்தின் மிகச் சிறந்த இயற்கை வருணனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. அதன் அழகும் அதன் அரசியலும் ஒரே வரிகளிலேதான் உள்ளன. ஒன்றைக் கழித்துவிட்டு மற்றதைக் காணுதல் அரைகுறைப் படிப்பே. கி.மு. 461இல், ஹியரோன் இறந்து சில ஆண்டுகளுக்குள், பழைய குடிகள் படைபலத்தோடு மீண்டு தம் ஊரைக் கைப்பற்றினர். நகருக்குப் பழைய பெயரே திரும்பியது.

தொன்மத்துக்கு எதிரான மரபொன்றும் இம்மலையைச் சுற்றியே வளர்ந்தது. நிலம், நீர், தீ, காற்று எனும் நான்கு மூலங்களால் உலகை விளக்க முயன்ற எம்பிடொக்கிளிஸ் சிசிலியின் அக்ரகாஸ் நகரத்தவர். அவர் அரச பதவியை மறுத்தவர் என்று கூறப்படுவதுண்டு. அவர் எற்னாவின் வாயிற் குதித்து மறைந்தாரெனவும் அவரது வெண்கலச் செருப்பொன்றை மலை வெளியே வீசியதெனவும் வழங்கும் கதை, பிற்காலத்தவர் புனைந்ததாகவே தோன்றுகின்றது. பிரெஞ்சுப் புரட்சியின் அலைகள் ஜேர்மனியைத் தொட்ட காலத்தில், ஹோல்டர்லின் அக்கதையை நாடகமாக்க மூன்று முறை முயன்றார், ஒன்றையும் முடிக்கவில்லை. மன்னராட்சி முடிந்துபோன காலத்தில் தனிமனித மேதையின் இடம் யாது என்ற வினாவுக்கு அவர் நாட்டுச் சமூகநிலை விடையளிக்க இயலாததாயிருந்தமையும் அதற்குக் காரணமாகலாம்.

உரோமக் கவிஞர் லுக்ரீசியஸ் தமது நெடும்பாட்டின் ஆறாம் பகுதியிலே எற்னாவைக் கடவுளரிடமிருந்து மீட்டார். மலை உட்குடைவானது, குகைகளில் அடைபட்ட காற்று சூடேறிப் பாறையையும் தீயையும் வெளித்தள்ளுகின்றது என்பது அவர் விளக்கம். ஆசிரியர் பெயர் உறுதிப்படாத 'எற்னா' எனும் இலத்தீன் பாட்டும் கவிஞரின் கட்டுக்கதைகளை வெளிப்படையாக மறுத்து இயற்கைக் காரணங்களைத் தேடுகின்றது. அவ்விளக்கங்கள் இன்றைய புவியியல் அறிவின்படி பிழையானவை. ஆயினும் இயற்கையை இயற்கையினாலேயே விளக்குதல் வேண்டும் எனும் நிலைப்பாடு பொருள்முதல்வாதத்தின் அடிக்கல் ஆகும். எப்பிக்கூரியச் சிந்தனையை 1841இல் தமது கலாநிதிப்பட்ட ஆய்வின் பொருளாக மார்க்ஸ் தெரிந்தெடுத்தது தற்செயலன்று.

3. எற்னாவின் மகன்

உரோமரின் கீழ் சிசிலி பெருந்தோட்டத் தானிய நாடாகியது. அடிமைகள் கூட்டங்கூட்டமாகக் கொணரப்பட்டனர். கி.மு. 135 அளவிலே என்னா நகரில் யூனஸ் எனும் சிரிய அடிமையின் தலைமையில் மூண்ட எழுச்சி தீவெங்கும் பரவியது. எற்னாவின் வடகிழக்கே கடலை நோக்கி நிற்கும் தௌரோமேனியம் கோட்டை நகரும் அடிமைகள் வசமாயிற்று. கி.மு. 132இல் நீண்ட முற்றுகையின் பின்னரே உரோமர் அதனை மீட்டனர். யூனஸ் வாயிலிருந்து தீ உமிழ்ந்து காட்டித் தன்னைத் தெய்வ அருள்பெற்றவனாக நிறுவினான் என்றும், துளையிட்ட கொட்டைக்குள் கனலை மறைத்து வைத்தே அவ்வாறு செய்தான் என்றும் தியோதோரஸ் ஏளனத்தோடு எழுதினார். எரிமலை நாட்டின் அடிமை, எரிமலையின் அடையாளத்தையே தன் கலகத்துக்குச் சூடிக்கொண்டான் என்று அதனை வாசித்தலும் பொருந்தும்.

புவியியலறிஞர் ஸ்ட்ராபோ தாமே நேரிற் கண்டதாகக் கூறும் நிகழ்ச்சியொன்று இதனினும் கொடுமையானது. செலூரஸ் என்பவன் எற்னாவைச் சுற்றிய நாட்டில் ஒரு படையை நடத்திச் சூறையாடி வந்தான். 'எற்னாவின் மகன்' என அழைக்கப்பட்டான். பிடிபட்ட அவனை உரோமுக்குக் கொண்டுசென்று, பொதுமன்றத்திலே எற்னாவைப் போன்று உயரமாக அமைத்த மேடையொன்றின் மீது நிறுத்தினர். மேடை திடீரெனச் சரிந்து விழுமாறு செய்யப்பட்டிருந்தது. அதன் கீழ், எளிதில் உடையக்கூடிய கூண்டுகளிற் கொடுவிலங்குகள் வைக்கப்பட்டிருந்தன. மலை தண்டனைக்கான நாடக அரங்காக மாற்றப்பட்டமையை இங்குக் காண்கின்றோம். பிண்டாரின் பாட்டிலே பூதம் மலையின் கீழ். உரோமின் அரங்கிலே கலகக்காரன் மலையின் மேல். இரு காட்சிகளும் உணர்த்த முயல்வது ஒன்றையே.

4. பாறையின் சாட்சியம்

18ஆம் நூற்றாண்டிலே எற்னா மற்றுமொரு போராட்டத்தின் களமாயிற்று. கத்தானியாவைச் சேர்ந்த குருவானவர் ஜியுசெப்பே ரெக்குப்பெரோ மலையின் வரலாற்றை எழுத முற்பட்டார். கிணறு தோண்டிய இடத்தில் ஏழு எரிபாறைப் படைகள் ஒன்றன்மேலொன்றாகக் கிடப்பதையும், ஒவ்வொரு படையின் மேலும் வளமான மண் படிந்திருப்பதையும் அவர் கவனித்தார். ஒரு படைமீது அவ்வளவு மண் சேர 2,000 ஆண்டுகளாவது தேவையெனின், அடிப்படை 14,000 ஆண்டுப் பழைமையுடையதாதல் வேண்டும். வேதாகமக் கணக்கின்படி உலகின் வயதோ ஏறத்தாழ 6,000 ஆண்டுகள். இக்கணிப்பு அவரைச் சங்கடத்துக்குள்ளாக்கியதெனவும், மோசேயை விஞ்சிய வரலாற்றாசிரியராக முயல வேண்டாமென ஆயர் எச்சரித்தாரெனவும் பிறைடன் 1773இல் வெளியிட்ட நூலில் எழுதினார். ரெக்குப்பெரோவின் நூல் அவர் இறந்த பின்னர், 1815இலேயே அச்சேறியது. அவரது எண்ணிக்கை சரியானதன்று. ஆனால் பாறையையும் மண்ணையும் வேதநூலுக்கு நிகரான சான்றாகக் கொண்ட அம்முறை புரட்சிகரமானது.

1828இல் சார்ல்ஸ் லையல் எற்னாவுக்கு வந்தபோது அம்முறை முதிர்ச்சி பெற்றிருந்தது. இன்றும் கடலில் வாழும் சிப்பி இனங்களின் எச்சங்கள் மலையின் அடிப்படைகளிலே காணப்பட, அவற்றின் மேல் இத்துணைப் பெரிய மலை சிறுசிறு வெடிப்புக்களாற் கட்டியெழுப்பப்பட்டுள்ளது. எனவே புவியியல் அடிப்படையில் 'அண்மைய' எற்னாகூட மனித வரலாற்றின் அளவுகோலால் எண்ணவொண்ணாக் காலத்தினது என்று அவர் வாதித்தார். 'புவியியற் கோட்பாடுகள்' எனும் அவரது நூலின் மூன்றாம் தொகுதி 1833இல் வெளிவந்தது. இயற்கைக்கு வரலாறு உண்டு என்ற கருத்து டார்வினையும் அவர்வழி 19ஆம் நூற்றாண்டுச் சிந்தனை முழுவதையும் பாதித்தமையை நாம் அறிவோம்.

5. பேரிடரும் உடைமையும்

எரிமலை ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை எனும் பொதுக்கூற்று எற்னாவின் வரலாற்றினால் மெய்ப்பிக்கப்படவில்லை. 1669ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நிக்கொலோசி ஊரருகே மலைச்சரிவு பிளந்தது. நான்கு மாதங்கள் பெருகிய எரிபாறைக் குழம்பு பல ஊர்களை விழுங்கி, கத்தானியாவின் மதிலைத் தாண்டிக் கடலிற் கலந்தது. கேதே ஏறிய செந்நிறக் குன்று அவ்வெடிப்பின் வாயே. அப்போது தியேகோ பப்பலார்தோ என்பவரின் தலைமையிற் சில பத்துப் பேர், நனைத்த மாட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு, இரும்புக் கடப்பாரைகளாற் குழம்பின் இறுகிய பக்கச்சுவரை உடைத்து ஓட்டத்தைத் திசைதிருப்ப முயன்றனர். முயற்சி சிறிது வெற்றியும் கண்டது. ஆனால் திரும்பிய ஓட்டம் பத்தேர்னோ ஊரை நோக்குவதைக் கண்ட அவ்வூரார் ஆயுதங்களுடன் வந்து அவர்களை விரட்டினர். ஒரு நிலத்தின் மீட்பு மற்றொரு நிலத்தின் அழிவாகும் நிலையில் இயற்கையோடான போராட்டம் மனிதரிடையேயான போராட்டமாக மாறியது. எரிபாறை ஓட்டத்திற் கைவைத்தல் இதன்பின் நெடுங்காலம் தடைசெய்யப்பட்ட செயலாகவே இருந்தது. 1693ஆம் ஆண்டு நிலநடுக்கம் கத்தானியாவை முற்றாக அழித்தபின், கருநிற எரிபாறையைக் கொண்டே நகரம் மீளக் கட்டப்பட்டது.

1928 நவம்பரில் மஸ்காலி எனும் ஊர் சில நாட்களுள் முழுவதும் மூடப்பட்டது. முசோலினியின் ஆட்சி அதன் மீள்கட்டுமானத்தைத் தன் ஆற்றலுக்குச் சான்றாக விளம்பரப்படுத்தியது. நேர்கோட்டுத் தெருக்களோடு கூடிய புதிய மஸ்காலியில் அவ்வாட்சியின் கட்டடப் பாணியை இன்றும் காணலாம். அரசின் பொறுப்பில் எரிபாறை ஓட்டத்தைத் திருப்பும் முயற்சி 1983இலேயே மேற்கொள்ளப்பட்டது. 1991 டிசம்பரில் தொடங்கி 473 நாட்கள் நீடித்த வெடிப்பின்போது சஃபெரானா ஊரைக் காக்க மண்ணணைகள் எழுப்பப்பட்டன. 1992 மே மாதத்தில் ஓட்டத்தின் மேற்பகுதியை வெடிவைத்துத் திறந்து, குழம்பைச் செயற்கை வாய்க்காலில் விட்டனர். ஊர் தப்பியது. பப்பலார்தோவின் கடப்பாரை செய்ய முயன்றதையே அறிவியலும் அரசும் இணைந்து செய்தன. திருப்பிய குழம்பு செல்வதற்கு ஆளில்லாப் பள்ளத்தாக்கு இருந்தமையால் இம்முறை யாரும் யாரையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை.

6. புரொந்தே: நிலமும் 'விடுதலை'யும்

மலையின் மேற்குச் சரிவிலுள்ள புரொந்தே ஊரின் பெயர் இடிமுழக்கத்தைக் குறிக்கும். ஒற்றைக்கண் அரக்கருள் ஒருவனின் பெயரும் அதுவே. 1799இல் நேப்பிள்சின் குடியரசுப் புரட்சியை ஒடுக்கித் தன் சிங்காசனத்தை மீட்டுத்தந்தமைக்குக் கைம்மாறாக, மன்னன் ஃபேர்டினாந்து இப்பகுதியைப் பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனுக்குக் கோமகன் ஆதீனமாக வழங்கினான். நெல்சன் அங்கு ஒருபோதும் வந்ததில்லை. அயர்லாந்திற் பிறந்த மதகுரு ஒருவர் அவர்மீதுள்ள மதிப்பினால் தம் குடும்பப் பெயரைப் 'புரொன்ரே' என மாற்றிக்கொண்டார் எனக் கருதப்படுகின்றது. அவருடைய புதல்வியரே நாவலாசிரியைகளான சார்லொற், எமிலி, ஆன் ஆகியோர். ஆங்கில இலக்கியத்திற் புகழ்பெற்ற பெயரொன்றின் பின்னே ஒடுக்கப்பட்ட புரட்சியொன்றின் கூலி இருப்பதை இலக்கிய வரலாறுகள் எடுத்துரைப்பதில்லை.

புரொந்தே மக்கள் தம் பொதுநிலத்துக்காக ஆதீனத்தோடு பல பத்தாண்டுகள் வழக்காடினர். 1860 மே மாதத்திற் கரிபால்டி சிசிலியில் இறங்கினார். அதே மாதம் 17ஆம் நாள் மார்க்ஸ் நியூயோர்க் நாளிதழொன்றில் சிசிலியரைப் பற்றிக் கட்டுரை எழுதி, அத்தீவு மக்களின் நீண்ட ஒடுக்குமுறையையும் எதிர்ப்பையும் விளக்கினார். ஜூன் 2ஆம் நாட் கட்டளை, போராடியோருக்குப் பொதுநிலத்திற் பங்கு வாக்களித்தது. அவ்வாக்கை நம்பிய குடியானவரும் கரிசுடுவோரும் ஆகஸ்ற் 2ஆம் நாள் புரொந்தேயில் எழுச்சியுற்றனர். பேச்சில் முடியாதது வெறியாக வெடித்தது. நில உடைமையாளரும் அலுவலரும் அவர்தம் குடும்பத்தினருமாக 16 பேர் கொல்லப்பட்டனர். கரிபால்டியின் தளபதி நீனோ பிக்சியோ படையோடு வந்தார். விரைவு விசாரணையின் பின் ஆகஸ்ற் 10ஆம் நாள் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் குடியானவரின் சட்டபூர்வ உரிமைக்காக வாதாடிய வழக்கறிஞர் நிக்கொலோ லொம்பார்தோ. மற்றொருவர் ஊரார் பித்தன் என அறிந்திருந்த ஓர் அப்பாவி. முதலாளித்துவத் தேசியப் புரட்சி நிலப்பிரச்சினையின் வாசலிலே நின்றுவிட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

கத்தானியாவிற் பிறந்த ஜியோவன்னி வேர்கா (1840-1922) இந்நிகழ்ச்சியை 'விடுதலை' எனும் சிறுகதையாக எழுதி 1882இல் வெளியிட்டார். வேர்கா நிலவுடைமைக் குடும்பத்தவர், பழைமைவாத அரசியலுடையவர். ஆயினும் அக்கதை நிலவுடைமையின் மெய்ப்பொருளை அசாதாரணத் தெளிவோடு காட்டுகின்றது. கனவான்களைக் கொன்றபின், நிலத்தை அளக்க அளவையாளனும் உறுதி எழுத நொத்தாரிசும் இல்லையே என்று குடியானவர் திகைக்கின்றனர். கனவான்களாலோ தம் நிலத்தைத் தாமே உழ இயலாது. ஆகவே ஈற்றில் இரு சாராரும் பழைய உறவுக்கே மீள்கின்றனர். நிலத்தில் ஒரு துண்டும் பெறாத தான் எதற்காகச் சிறைக்குச் செல்கின்றான் என்பது கடைசிவரை விளங்காத கரிசுடுபவனோடு கதை முடிகின்றது. எழுத்தாளனின் அரசியற் சார்பையும் மீறி மெய்ம்மை வெளிப்படுதல் குறித்து ஏங்கல்ஸ் 1888இல் மார்கரெற் ஹார்க்னசுக்கு எழுதிய கடிதத்திற் பால்சாக்கைச் சான்றாக்கினார். வேர்காவையும் அவ்வாறே கொள்ளலாம் என்பது பலரது கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. சிசிலிய எழுத்தாளர் லியோனார்தோ ஷாஷா இக்கதையை ஆவணங்களோடு ஒப்பிட்டு, வேர்கா செய்த இரு மாற்றங்களைச் சுட்டினார். சுடப்பட்ட பித்தன் கதையிற் குள்ளன் ஆகின்றான். வழக்கறிஞர் லொம்பார்தோ கதையில் இடம்பெறவேயில்லை. பித்தனைச் சுட்டனர் என்று எழுதினால் அத்தீர்ப்பின் அநீதி அப்பட்டமாகிவிடும். லொம்பார்தோவைக் காட்டினால் எழுச்சிக்குத் திட்டமும் உரிமைவாதமும் இருந்தன என்பது புலனாகும். இரண்டும் நீங்கியபோது எஞ்சுவது கண்மூடித்தனமான கூட்டத்தின் வெறி மட்டுமே. எரிமலை வெடித்து அடங்குவது போன்ற ஒரு இயற்கை நிகழ்ச்சி. மெய்ம்மைவாதம் எழுத்தாளனின் சார்பைத் தானாகவே வென்றுவிடும் என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். ஒரு படைப்பு காட்டுவதை மட்டுமன்றி, அது எதனை நீக்கியபின் காட்டுகின்றது என்பதையும் ஆராய்தல் திறனாய்வாளனின் கடமை. 1972இல் வன்சீனி இயக்கிய திரைப்படம், வரலாற்று நூல்கள் சொல்லாத படுகொலை எனும் கருத்தைத் தன் தலைப்பிலேயே தாங்கி, லொம்பார்தோவை மக்கள் நினைவுக்கு மீட்டது. நெல்சன் வாரிசுகளின் மாளிகை 1981இலேயே ஊர்ச் சபைக்கு விற்கப்பட்டது.

வேர்காவின் பிற படைப்புக்களிலும் எற்னா பின்னணி மட்டுமன்று. 1878இல் வெளிவந்த 'ரோசோ மல்பேலோ' செம்மண் சுரங்கத்திலே தந்தையைப் பறிகொடுத்துத் தானும் மறையும் சிறுவனின் கதை. செத்த கழுதையை வீசும் எரிபாறை வெளியிலே அவன் வாழ்வின் நியதியைக் கற்கின்றான். 1881இல் வெளிவந்த 'மலவோலியா குடும்பம்' ஒற்றைக்கண் அரக்கன் எறிந்தவை எனப்படும் பாறைகள் கடலில் நிற்கும் ஆச்சி திரெட்சாவின் மீனவரைப் பற்றியது. 1891 மே 1ஆம் நாள் கத்தானியாவில் அமைந்த தொழிலாளர் சங்கத்தோடு சிசிலியெங்கும் குடியானவர், சுரங்கத் தொழிலாளர் இயக்கம் பரவி, 1894 ஜனவரியில் இராணுவச் சட்டத்தால் நசுக்கப்பட்டபோதும், வேர்காவின் மீனவர் விதியை ஏற்றவர்களாகவே நூலில் எஞ்சினர். அந்நாவலைத் தழுவி விஸ்கோந்தி 1948இல் அவ்வூர் மீனவரையே நடிகராக்கி, அவர்தம் வட்டார மொழியிலேயே எடுத்த 'நிலம் நடுங்குகின்றது' எனும் திரைப்படம் விதியின் இடத்தில் மொத்த வியாபாரியை வைத்தது. மீனவன் தோற்கின்றான், ஆனால் எதனிடம் தோற்றான் என்பதை அறிந்து தோற்கின்றான்.

7. காணச் செல்வோர்

கத்தானியாவிலிருந்து மலையைச் சுற்றிச் செல்லும் சிறு இருப்புப்பாதை 1895க்கும் 1898க்குமிடையே அமைந்தது. எலுமிச்சையையும் திராட்சை மதுவையும் பிஸ்தாவையும் ஏற்றவே அது தேவைப்பட்டது. இன்று அது காட்சிப் பயணிகளையும் ஏற்றுகின்றது. ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம் வரை பேருந்தும், அங்கிருந்து 2,500 மீற்றர் வரை கம்பிவட ஊர்தியும் உண்டு. கம்பிவட ஊர்தியின் நிலையங்களை எரிபாறை பலமுறை அழித்துள்ளது; 2002இல் வடபுறத்துப் பனிச்சறுக்கு நிலையம் முழுவதும் மறைந்தது. மிதித்துச் சாறெடுத்த பழைய கல்லாலை வீடுகள் சில, மதுவருந்தும் உல்லாச விடுதிகளாகிவிட்டன. அங்கே மிதித்த கால்களைப் பற்றி விளம்பரச் சுவடிகள் பேசுவது அரிது.

எரிமலையின் அழகை நாம் மறுக்க வேண்டியதில்லை. இரவிலே செந்தீ ஒழுகும் சரிவும், கருஞ்சாம்பலில் மலரும் மஞ்சட் பூவும் எவரையும் ஈர்ப்பன. அந்த ஈர்ப்பு உழைப்பாளிக்கும் உரியதே. ஓய்வு ஒரு வர்க்கத்தின் தனியுடைமையாக இருந்த காலத்திலேதான் அது கனவானுக்கு மட்டும் உரியதாயிருந்தது. வேண்டுவது அக்காட்சியின் முழுமை. உச்சியைக் கண்டு திரும்புவோர் மேற்குச் சரிவில் இறங்கி, புரொந்தேயின் பிஸ்தாத் தோட்டங்களைச் சூழ்ந்த கற்சுவர்களையும் ஒருமுறை பார்த்தல் நன்று. அக்கற்களை அடுக்கியோரின் வழித்தோன்றல்களே 1860இல் நிலங்கேட்டனர். மலையைப் பற்றிய பாடல்களிலும் கதைகளிலும் அவர்களுக்கு எத்துணை இடமிருந்தது, எத்துணை மறுக்கப்பட்டது என்று கேட்கும்போதே எற்னாவை நாம் முழுமையாக வாசிக்கத் தொடங்குகின்றோம்.